நடுங்கினால் எந்தக் கரை சரியும்? கடலூர், புதுச்சேரி வட்டாரத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2001 செப்டம்பர் 25, செவ்வாய்க்கிழமை. இரவு எட்டரை மணி ஆக இன்னும் சில நிமிடங்கள். புதுச்சேரிக்குக் கிழக்கே வங்கக் கடலுக்கடியில் 5.5 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. புதுச்சேரி, கடலூர், சென்னை என்று கரையோரம் நெடுக மக்கள் வீட்டைவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்தார்கள். வந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள், மாடியைப் பார்த்தார்கள். காலடி மண்ணை யாரும் பார்க்கவில்லை.

பார்க்கத் தோன்றாததற்குக் காரணம் உண்டு. நிலச்சரிவு என்றால் நமக்கு நீலகிரியும் வயநாடும்தான் நினைவுக்கு வரும். கடலூரும் புதுச்சேரியும் கடலை ஒட்டிய சமவெளி, இங்கே சரிய என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். நிறையவே இருக்கிறது: கேப்பர் மலையின் செம்மண் வெட்டுகள், ஆரோவில் பக்கத்து ஓடைப் பள்ளங்கள், கெடிலத்தின் கரை, ஊசுட்டேரி முதல் வீராணம் வரை ஏரிக்கரைகள். நடுங்கும் நேரத்தில் இவற்றில் எது நிற்கும், எது சரியும் என்பதை ஊர்க்காரரே பெருமளவு மதிப்பிட முடியும். அதற்கான வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன். நடுவில் ஒரு கணக்கு வரும், பயப்பட வேண்டாம், பத்தாம் வகுப்பு முக்கோணவியல் போதும்.

முன்கூட்டியே ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் வட்டாரத்தில் எதிர்பார்க்கப்படும் நடுக்கம் மிதமானது, ஐப்பசி கார்த்திகை ஈரமோ கடுமையானது. 2001-இல் நடுக்கம் வந்தது புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழை இறங்குமுன். அதே நடுக்கம் கார்த்திகை நடுவில் வந்தால் நிலைமை வேறு. இந்த வழிகாட்டியின் பாதிப் பக்கத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டதற்கு அதுவே காரணம்.

முதல் படி: சரியக்கூடிய இடங்களை வரைபடத்தில் குறியுங்கள்

இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 2014-இல் தேசிய அளவில் நிலச்சரிவு வரைபடப் பணியைத் தொடங்கியது. அது மலைப் பகுதிகளுக்கானது. ஐந்து மீட்டர் உயர வெட்டுகளும் எட்டு மீட்டர் ஓடைக்கரைகளும் அந்த அளவு வரைபடத்தில் தெரியவே தெரியாது. ஆகவே நம் ஊருக்கு நாமே ஒன்று வரைய வேண்டும். செயற்கைக்கோள் படத்தைத் தாளில் அச்சிட்டுக்கொண்டு நடந்தே போங்கள்.

நிலவியலாளர்கள் 'கடலூர் மணற்கல்' என்று அழைக்கும் படிவுதான் நம் மேட்டு நிலங்களின் அடித்தளம். கேப்பர் மலை, ஆரோவில் மேடு, வானூர்ப் பக்கம், திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் நிலம் என எல்லாம் ஒரே குடும்பம். பெயரில் கல் இருந்தாலும் பல இடங்களில் அது கையால் உதிர்க்கக்கூடிய மணலும் களியும்தான். அதன் மேல் செம்மண் போர்வை. காய்ந்தால் சுவர்போல் செங்குத்தாக நிற்கும், நனைந்தால் குழையும்.

இந்த இடங்களைத் தவறாமல் குறியுங்கள்: சாலைக்காகவும் வீட்டுமனைக்காகவும் வெட்டிய கரைகள், கிராவல் அள்ளிய குழிகளின் ஓரங்கள், செம்மண் ஓடைப் பள்ளங்கள், கெடிலம், தென்பெண்ணை ஆறுகள் வளையும் இடத்தில் வெளிப்புறக் கரை, ஏரிக்கரைகள், கருங்கல் குவாரிகளின் முகப்பு, நெய்வேலியில் சுரங்க மேல்மண்ணைக் கொட்டிய குன்றுகள். சுரங்கத்தின் உள்சரிவுகளைச் சுரங்கப் பொறியாளர்களே கண்காணிக்கிறார்கள். நாம் பார்க்க வேண்டியது வேலிக்கு வெளியே, குன்றின் அடிவாரத்தில் யாராவது குடியிருக்கிறார்களா என்பதை.

திருவந்திபுரத்தில் கெடிலக் கரையில் நின்று ஔஷதகிரியை நிமிர்ந்து பாருங்கள். ஒரு பக்கம் ஆறு அடியை அரிக்கிறது, மறுபக்கம் மேடு எழுகிறது, நடுவில் தேரோடும் வீதியும் மக்களும். வரைபடத்தை எங்கிருந்து தொடங்குவது என்று குழம்புபவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

இரண்டாம் படி: எவ்வளவு நடுக்கம் எதைச் சரிக்கும்?

டேவிட் கீஃபர் என்ற அமெரிக்க நிலவியலாளர் 40 நிலநடுக்கங்களை ஆராய்ந்து, ஒவ்வொரு வகைச் சரிவுக்கும் தேவைப்படும் குறைந்தபட்ச அளவை 1984-இல் வெளியிட்டார். பாறைத் துண்டும் மண்கட்டியும் உதிர்ந்து விழ சுமார் 4.0 போதும். மண் திரளாகச் சுழன்று இறங்க 4.5. ஆற்றங்கரை நிலம் விரிந்து பிளக்கவும் ஈர மண் குழம்பாக ஓடவும் 5.0. பெரும் பாறைச்சரிவுக்கு 6.0.

இந்த எண்களுக்குப் பக்கத்தில் 2001-இன் 5.5-ஐ வைத்துப் பாருங்கள். முதல் மூன்று வகையும் நமக்கு எட்டக்கூடிய தொலைவில்தான் இருக்கின்றன. அன்றைய நடுக்கத்தின் மையம் கடலில் தள்ளி இருந்தது நம் நல்வாய்ப்பு.

நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டுமானத்துக்கான இந்தியத் தர நெறி ஐ.எஸ். 1893. அதன் 2016 பதிப்பில் கடலூரும் புதுச்சேரியும் இரண்டாம் மண்டலம், சென்னை மூன்றாம் மண்டலம். இரண்டாம் மண்டலத்துக்கு எடுத்துக்கொள்ளும் மண்டலக் காரணி 0.10, மூன்றாவதற்கு 0.16. எளிதாகச் சொன்னால், புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நிலம் பக்கவாட்டில் உலுக்கப்படலாம் என்று வைத்துக் கணக்குப் போட வேண்டும். இதோடு இன்னொன்று: மேட்டின் உச்சியிலும் கரையின் விளிம்பிலும் அடிவாரத்தைவிட ஆட்டம் கூடும். என் கணக்குகளில் விளிம்புக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 0.15 என்று எடுத்துக்கொள்கிறேன். இது நானாக வைத்துக்கொண்ட எச்சரிக்கை அளவு.

மூன்றாம் படி: சாய்வையும் உயரத்தையும் அளங்கள்

கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்றும் ஒரு மீட்டர் நீளச் சட்டம் ஒன்றும் போதும். சட்டத்தின் ஒரு முனையைச் சரிவில் ஊன்றி, ரசமட்டம் வைத்து மறுமுனையைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். அந்த முனையிலிருந்து நேர்கீழே மண்வரை எத்தனை சென்டிமீட்டர்? 36 என்றால் சாய்வு 20 பாகை. 58 என்றால் 30. 84 என்றால் 40. ஒரு மீட்டரே வந்தால் 45. கைபேசியிலும் சாய்வுமானி உண்டு, ஆனால் கரடுமுரடான மண்ணில் அதைவிடச் சட்டத்தை நம்பலாம்.

ஜப்பானில் சட்டமாகவே வைத்திருக்கும் ஓர் எளிய விதி நமக்கும் உதவும். சாய்வு 30 பாகைக்கு மேலும் உயரம் 5 மீட்டருக்கு மேலும் இருந்தால் அது ஆபத்துச் சரிவு. அடியிலிருந்து, உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரமும் (அதிகபட்சம் 50 மீட்டர்), மேல்விளிம்பிலிருந்து 10 மீட்டரும் எச்சரிக்கைப் பகுதி. எட்டு மீட்டர் உயரக் கரை என்றால் கீழே 16 மீட்டர், மேலே 10 மீட்டர். இதை வரைபடத்தில் சிவப்பில் தீட்டுங்கள். இந்த ஒரு படியை மட்டும் செய்துவிட்டு நிறுத்திக்கொண்டாலும் ஊருக்குப் பெரிய பயன்.

நான்காம் படி: மண்ணைக் கையில் எடுங்கள்

கரையின் முகத்தில் காய்ந்த மண்கட்டி ஒன்றை, எலுமிச்சம்பழ அளவில், உடையாமல் பெயர்த்தெடுங்கள். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் நிரப்பி மெதுவாக உள்ளே இறக்குங்கள். முதலில் சிறு குமிழிகள் சரம்சரமாக எழும், மண்ணுக்குள் அடைபட்டிருந்த காற்று அது. பிறகு ஓரங்கள் செதிலாக உதிரும். அரைமணி நேரம் கழித்தும் கட்டி கட்டியாகவே இருந்தால் இரும்புச் சத்தும் களியும் அதை இறுகப் பிணைத்திருக்கின்றன. சில நிமிடங்களிலேயே அடியில் கூம்பாகக் குவிந்துவிட்டால், அந்தக் கரை வெயிலின் தயவில் நிற்கிறது என்று பொருள். செம்மண் மேட்டில் ஒரே பள்ளத்தின் இரு கரைகளிலும்கூட முடிவு மாறலாம். அதனால் கரைக்கு மூன்று இடங்களிலாவது எடுங்கள்.

கூடவே கரையின் மேல்விளிம்பையும் பாருங்கள். முந்திரி வேரும் பனை வேரும் காற்றில் தொங்குகின்றனவா? விளிம்புக்கு இணையாக, வளைந்த கோடாக வெடிப்பு ஓடுகிறதா? குச்சியை விட்டு ஆழம் பாருங்கள். மரங்கள் பள்ளத்தின் பக்கம் சாய்ந்து, பிறகு மேல்நோக்கி வளைந்திருந்தால் அந்த மண் ஆண்டுக்கணக்கில் நகர்ந்துகொண்டிருக்கிறது.

அடுத்த படியின் கணக்குக்கு இரண்டு எண்கள் வேண்டும்: மண்ணின் ஒட்டும் வலிமை (துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் வலு), உராய்வுக் கோணம் (துகள்கள் உராய்ந்து நழுவாமல் நிற்கும் திறனைக் காட்டும் கோணம்). இவை டம்ளரில் கிடைக்காது. கலையாமல் எடுத்த மாதிரியை மண் ஆய்வுக்கூடத்தில் வெட்டுச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் கட்டடப் பொறியியல் துறைகள் இருக்கின்றன. மாணவர் திட்டப்பணியாக ஊராட்சி கேட்டுப் பார்க்கலாம். நனைத்த மாதிரியிலும் சோதிக்கச் சொல்லுங்கள். காய்ந்த மண்ணின் எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம்.

ஐந்தாம் படி: ஈரத்தின் உயரம்

இதற்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். வழுக்கக்கூடிய மண்ணடுக்கில் எத்தனை பங்கு நீரில் ஊறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கரையின் மேலிருந்து பத்து மீட்டராவது உள்ளே தள்ளி, கையால் துளைக்கும் மண் துளைப்பானால் இரண்டரை மீட்டர் ஆழத்துக்குத் துளையிடுங்கள். துளையிட்ட பி.வி.சி. குழாயை அதில் இறக்கி வாயை மூடிவையுங்கள். ஐப்பசி முதல் தை வரை வாரம் ஒருமுறை நூலில் கல்லைக் கட்டி விட்டு நனைந்த நீளத்தைக் குறித்துவையுங்கள். இரண்டரை மீட்டர் அடுக்கில் அடியிலிருந்து ஒன்றேகால் மீட்டர் நீர் நின்றால் ஈர விகிதம் 0.5.

நம் மழையை எளிதாக எண்ணிவிடக் கூடாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை அந்நகரில் கொட்டியது. அடுத்த நாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவு வீடுகள் மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். அங்கே நிலநடுக்கம் எதுவும் தேவைப்படவில்லை. அப்படி ஊறிப்போன மண்ணைச் சிறு நடுக்கம் ஒன்று தொட்டால் என்ன ஆகும் என்பதே நம் கேள்வி.

ஆறாம் படி: கணக்கு

இதுவரை சேர்த்ததை ஒன்றாக்குவோம். எடுத்துக்காட்டாக ஒரு செம்மண் சரிவு: சாய்வு 30 பாகை, வழுக்கும் அடுக்கின் தடிமன் 2.5 மீட்டர், மண்ணின் எடை கன மீட்டருக்கு 19 கிலோநியூட்டன், ஒட்டும் வலிமை 10 கிலோபாஸ்கல், உராய்வுக் கோணம் 32 பாகை. இவை விளக்கத்துக்காக நான் வைத்த எண்கள். உங்கள் மண்ணின் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

சரிவைத் தாங்கும் வலிமையை அதைக் கீழே இழுக்கும் விசையால் வகுத்தால் வருவது பாதுகாப்புக் கெழு, 1-க்குக் கீழே போனால் சரிவு நிற்காது. அது மூன்று துண்டுகளால் ஆனது. முதல் துண்டு, ஒட்டும் வலிமையை எடை, தடிமன், சாய்வின் சைன் மதிப்பு ஆகியவற்றின் பெருக்கத்தால் வகுப்பது: 10 ÷ (19 × 2.5 × 0.5) = 0.42. இரண்டாவது, உராய்வுக் கோணத்தின் டேன் மதிப்பைச் சாய்வின் டேன் மதிப்பால் வகுப்பது: 1.08. மூன்றாவது தண்ணீர் தின்னும் பங்கு: ஈர விகிதம் × (9.81 ÷ 19) × 1.08, சுருக்கமாக ஈர விகிதம் × 0.56. முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழியுங்கள்.

கோடையில் ஈர விகிதம் பூஜ்யம், கெழு 1.50. பாதி ஊறினால் 1.22. அறுபது விழுக்காட்டில் 1.17. எண்பதில் 1.06. முழுவதும் ஊறினால் 0.94, அதாவது நடுக்கமே இல்லாமல் சரியும்.

இனி நடுக்கம். 1965-இல் நாதன் நியூமார்க் காட்டிய வழி எளிமையானது: சரிவை ஒரு சாய்பலகை மேல் வைத்த கட்டையாக நினைத்துக்கொள்ளுங்கள். பலகையை எவ்வளவு உலுக்கினால் கட்டை நகரத் தொடங்கும்? கெழுவிலிருந்து 1-ஐக் கழித்து, சாய்வின் சைன் மதிப்பால் பெருக்கினால் அந்த எல்லை, புவியீர்ப்பு முடுக்கத்தின் பங்காக, கிடைக்கும். நம் சரிவுக்குக் கோடையில் 0.25, பாதி ஈரத்தில் 0.11, அறுபது விழுக்காட்டில் 0.08, எண்பதில் 0.03.

இரண்டாம் மண்டலத்தின் 0.10-ஐ இந்த வரிசையில் செருகிப் பாருங்கள். கோடையில் சரிவு அசையாது. பாதி ஈரத்திலும் மயிரிழையில் தாங்கும். அறுபதில் எல்லை உடைகிறது. பாதிக்கும் அறுபதுக்கும் இடையே நீர் ஏறுவது வெறும் கால் மீட்டர்தான், குழாயில் நூல் விட்டால் ஒரு சாண் வித்தியாசம்!

எவ்வளவு நகரும்? ராண்டல் ஜிப்சன் 2007-இல் உண்மையான நடுக்கப் பதிவுகளிலிருந்து உருவாக்கிய சமன்பாட்டில், விளிம்பின் ஆட்டத்தை 0.15 என்று வைத்துப் போட்டேன். பாதி ஈரத்தில் ஒரு மில்லிமீட்டர். அறுபதில் அரை சென்டிமீட்டர். எண்பதில் சுமார் 11 சென்டிமீட்டர். இந்த மதிப்புகள் மூன்று மடங்கு கூடவும் குறையவும் செய்யலாம், ஆகவே தசமத்தில் தொங்க வேண்டாம். 1 சென்டிமீட்டருக்குள் என்றால் ஆபத்து குறைவு, 1 முதல் 5 வரை மிதம், 5 முதல் 15 வரை அதிகம், 15-க்கு மேல் மிக அதிகம் என்று தரம் பிரிப்பது வழக்கம். ஒரே சரிவு, ஒரே நடுக்கம். குறைவிலிருந்து அதிகத்துக்குத் தாவியது ஈரத்தால் மட்டுமே.

அரை சென்டிமீட்டர்தானே என்று விட்டுவிடவும் கூடாது. அது மேல்விளிம்பில் ஒரு வெடிப்பு. அடுத்த மழை நேராக அதற்குள் இறங்கும். நடுக்கம் தொடங்கியதை மழை முடிக்கலாம், அதுவும் சில வாரங்கள் கழித்து.

ஏழாம் படி: இந்தக் கணக்குக்குள் வராதவை

செங்குத்து வெட்டுகள் வழுக்குவதில்லை, பெயர்ந்து விழுகின்றன. அவற்றுக்கு வேறு கணக்கு. முன்பு சொன்ன அதே மண், கொள்கையளவில், செங்குத்தாக 3.8 மீட்டர்வரை தானே நிற்கும். ஈரத்தில் ஒட்டும் வலிமை பாதியானால் அது 1.9 மீட்டராகச் சுருங்குகிறது. விளிம்பில் வெடிப்பு இருந்தால் இன்னும் குறையும். கோடையில் மூன்று மீட்டர் வெட்டி வீட்டின் பின்சுவரை ஒட்டி அப்படியே விட்டவர்கள் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கிராவல் குழி ஓரத்துக்கும் இதுவே பொருந்தும். அங்கே பிள்ளைகள் விளையாடப் போகிறார்கள் என்பதையும் மறக்காதீர்கள்.

ஏரிக்கரைகள் தனி வகை. 2001 ஜனவரி 26 கச்சு நிலநடுக்கத்தில் குஜராத்தின் பல மண் அணைகள் சேதமடைந்தன. சாங் அணை இடிந்தே போனது. கரைக்கு அடியிலிருந்த நீர் ஊறிய மணல், உலுக்கியதும் திரவம்போல் நடந்துகொண்டதுதான் பெருங்காரணம். 1971-இல் கலிபோர்னியாவின் சான் ஃபெர்னாண்டோ கீழ் அணையில் நீர்ப்பக்கச் சரிவு அப்படியே ஏரிக்குள் சரிந்தது. கீழே குடியிருந்த 80,000 பேரை வெளியேற்றினார்கள். நம் ஏரிகள் நிரம்பி நிற்கும் மாதங்களில் கரைமேல் நடந்து மூன்றைப் பாருங்கள்: கரையின் நீளவாக்கில் ஓடும் வெடிப்பு, வெளிப்பக்க அடியில் கசிவு, மதகை ஒட்டிய பள்ளம். கசியும் நீர் தெளிவாக இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். கலங்கலாக வந்தால் கரைக்குள்ளிருந்து மண்ணும் வெளியேறுகிறது என்று பொருள், அன்றே நீர்வளத்துறைக்கு (புதுச்சேரியில் பொதுப்பணித்துறைக்கு) சொல்லியாக வேண்டும்.

சமநிலமும் முழுக்கப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. 2018 செப்டம்பர் 28 அன்று இந்தோனேசியாவின் பாலு நகரில், நடந்தால் சாய்வென்றே தெரியாத நிலங்கள் வீடுகளோடு ஓடின. வாய்க்கால் பாசனத்தால் நிலத்தடி நீர் மேலேறியிருந்த வயல்வெளி அது. அங்கே நடுக்கம் 7.5, நமக்கு அவ்வளவு எதிர்பார்க்கப்படவில்லை. ஆனாலும் தென்பெண்ணை, கெடிலம் முகத்துவாரங்களில் ஆற்றை ஒட்டிய தளர்ந்த மணல்மேல் புதிதாகக் கட்டுபவர்கள், மண் சோதனையில் நிலம் திரவமாகுமா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

எட்டாம் படி: கீழே யார் இருக்கிறார்கள்?

ஆளில்லாப் பள்ளத்தில் மண் சரிந்தால் அது இயற்கையின் வேலை. அதே மண் ஒரு குடிசைமேல் விழுந்தால் பேரிடர். சிவப்பில் தீட்டிய பகுதிக்குள் வீடுவீடாகப் போய், இரவில் எத்தனை பேர் படுக்கிறார்கள், கரையை ஒட்டிய அறையில் படுப்பது யார், எழுந்து ஓட முடியாத முதியவர் உண்டா என்று கேளுங்கள். பெரும்பாலும் கரையை ஒட்டிய பின்கட்டில்தான் பாட்டியின் கட்டில் கிடக்கிறது. அதை முன்கட்டுக்கு மாற்ற ஒரு ரூபாய் செலவில்லை, மழைக்காலம் மூன்று மாதத்துக்காவது மாற்றச் சொல்லிக் கெஞ்சுங்கள். மாட்டுத்தொழுவம், அங்கன்வாடி, தண்ணீர்த்தொட்டி, சுடுகாட்டுப் பாதை ஆகியவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு குறிகள் போடுங்கள். ஒன்று சரியும் வாய்ப்பு, மற்றொன்று சரிந்தால் இழப்பு. இரண்டும் அதிகமாக உள்ள இடங்கள் ஓர் ஊருக்கு மூன்றோ நான்கோதான் தேறும். முதலில் அவற்றில் வேலையைத் தொடங்குங்கள்: மேல்விளிம்பில் மழைநீர் கரைக்குள் இறங்காமல் திருப்பும் வாய்க்கால், வெடிப்பைக் களிமண்ணால் அடைத்தல், செங்குத்து வெட்டைப் படிபடியாகச் சீவுதல், வெட்டிவேர் நடுதல். தடுப்புச்சுவர் கட்டினால் நீர் வெளியேறத் துளைகள் விடுவது கட்டாயம். துளையில்லாச் சுவர் தண்ணீரைத் தேக்கி, தானே கீழே விழும்.

ஒன்பதாம் படி: நடுங்கிய பிறகு

நிலம் ஆடி நின்றதும் கரையடியை விட்டு விலகுங்கள், பின்னதிர்வு வரலாம். தேசிய நில அதிர்வு மையம் நடுக்கத்தின் அளவையும் மையத்தையும் வெளியிடும். 4.0-க்கு மேல் என்றால், விடிந்ததும் குறித்துவைத்த கரைகளை எல்லாம் ஒரு சுற்று பாருங்கள். எப்போதும் மேலிருந்து பாருங்கள், அதுவும் விளிம்பிலிருந்து தள்ளி நின்று. புது வெடிப்பு தெரிந்தால் அதன் இருபுறமும் ஆணி ஒன்று அடித்து, இடைவெளியை மில்லிமீட்டரில் எழுதி, தேதி போட்டுக் கைபேசியில் படம் எடுத்துவையுங்கள். மறுநாள் அதே நேரம் மறுபடி அளங்கள். ஒருவாரம் மாறாமல் இருந்தால் வெடிப்பை அடைக்கலாம். நாளுக்கு நாள் கூடினால் கீழே உள்ளவர்களை வெளியேற்றிவிட்டு 1077 என்ற மாவட்டப் பேரிடர் எண்ணை அழையுங்கள். புதிதாக ஊற்று கிளம்பினாலும், இருந்த ஊற்று திடீரென்று நின்றாலும் அப்படியே செய்யுங்கள்.

மழைக்காலத்தில் நடுங்கினால் இந்த அளவீட்டைத் தை முடியும்வரை தொடர வேண்டும். ஆணிகளை யாரும் பிடுங்காமல் இருக்க, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையே அளக்கச் சொல்லிவிடுங்கள். அவர்கள் ஒரு நாளும் தவறவிடுவதில்லை.